வில்லில் பூசிய தேங்காய் எண்ணெய்

மூத்தவளுக்கும் இளையவளுக்கும் அப்பா எழுதுவது. உங்களுக்குத் தெரிந்த விசயங்களையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எடுத்து வாசித்தாலும் விளங்க வேண்டும். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன், அதிலும் கணக்கு பெயில். எழுத்தில் பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை இளையவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் நேரே பட்டறைக்குள் வந்து நின்றாள். நான் ஒரு யன்னல் சட்டத்தைச் சீவிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நீங்க மூக்கச் சொறிஞ்சாலும் உங்கட வயலின் பாடுமாம். வகுப்பில ஒருத்தி மூக்கச் சொறியிறாள், மற்றவள் பின்னால நிண்டு வாயால வயலின் வாசிக்கிறாள். டீச்சரும் சிரிச்சவ."

மூத்தவள் அம்மாவின் போனைக் கொண்டுவந்து காட்டினாள். அதற்கு முதல் சனிக்கிழமை தன்னாமுனையில் நடந்த கலியாண வீட்டில் யாரோ எடுத்த வீடியோ. நான் தொப்பி போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறேன். வயலின் சத்தம் போகிறது. வில்லைக் கீழே இறக்கி, அதே கையால் மூக்கைச் சொறிகிறேன். வயலின் சத்தம் அப்போதும் போகிறது. ஒரு சுரம்கூடக் குறையவில்லை. பிறகு நான் அவசரமாக வில்லைத் தூக்கி வைத்து, ஒன்றும் நடக்காதது மாதிரிச் சிரிக்கிறேன். மூக்கைச் சொறிந்ததைவிட அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"நீங்க உண்மையா வாசிக்கிறயா, இல்லையா?" என்று இளையவள் கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை பாதியில் முறிந்துவிடும்.

"வாசிப்பன்."

"அப்ப மெயின் சுவிட்ச நிப்பாட்டிப்போட்டு இப்ப வாசிச்சுக் காட்டுங்க. நான் வீடியோ எடுத்துக் குறூப்பில போடுறன்."

வயலின் அலுமாரிக்கு மேலே இருந்தது. வில்லும் பெட்டிக்குள் இருந்தது. நான் எழும்பவில்லை.

"இண்டைக்கு ஏலா புள்ள. வில்லு சரியில்ல."

"சரி, அப்ப அவளுகள் சொல்லுறதுதான் சரி" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மூத்தவள் போனை அணைத்துக்கொண்டு பின்னால் போனாள். அவள் அதை அணைத்த விதம்தான் எனக்கு அதிகம் சுட்டது.

வில் ஏன் சரியில்லை என்று வாயால் சொல்ல எனக்குக் கூசியது. அதைத்தான் எழுதுகிறேன்.

போர்த்துக்கீசர் வழி வந்த எங்கள் பறங்கியர் வீடுகளில் மரம் அரிகிற வாளும் சீவுளியும் தொங்குகிற ஆணியிலேயே ஒரு வயலினும் தொங்கும். தச்சு வேலை பகலுக்கு, வயலின் கலியாணத்துக்கு. எங்கள் வீட்டிலும் இருந்தது, நானும் எடுத்து இழுத்தேன். பெரிய ஆசை என்று சொல்ல மாட்டேன். பைலாவும் கப்ரிஞ்ஞாவும் ஓரளவு வரும். கப்ரிஞ்ஞா எங்கள் ஆட்கள் கலியாணத்தில் சோடி சோடியாக ஆடுகிற ஆட்டம். நாலைந்து பாட்டு வாசித்தால் போதும், ஒரு சாராயப் போத்தலும் சாப்பாடும் தந்து அனுப்புவார்கள். நான் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதனால் என்னைப் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம், எனக்கு வயிறு சரியில்லை, அவ்வளவுதான்.

சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுக்க வெளிநாட்டில் இருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். டெக்சாஸ்காரர். அவருடைய வீடுகளுக்குக் கதவு யன்னல் செய்தது நான். மத்தியானம் எல்லோரும் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது அவர் வாகனக் கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போடுவார். ஒருநாள் நான் கையில் சோற்றோடு எழும்பிப் போய் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். உள்ளே வயலின் பாடியது. ஆனால் நான் அறிந்த வயலின் இல்லை. தாளம் முன்னே போக, இது கொஞ்சம் பிந்தி, வழுக்கிக்கொண்டு வந்து, கடைசி நிமிடத்தில் சரியான இடத்தில் கால் வைத்தது. வள்ளத்தில் இருந்து கரைக்குப் பாய்கிறவன் விழப்போகிறான் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, விழாமல் நிற்பானே, அது மாதிரி.

"வெஸ்டர்ன் ஸ்விங்" என்றார் அவர். மாட்டுப் பண்ணைக்காரர்கள் வேலை முடிந்து ஆடுகிற பாட்டாம். மடியில் படுக்க வைத்து இரும்புத் துண்டால் இழுக்கிற கிற்றாரும் அதில் உண்டு. சாரதி மொழிபெயர்த்துச் சொன்னான். "அண்ணன், இவர் சொல்லுறார், இது ஆடத்தான், கேக்கிறதுக்கு இல்லயாம். நீங்க ஏன் சோத்தோட நிக்கிறீங்க எண்டு கேக்கிறார்."

அவர் போகும்போது அந்தச் சீடியை எனக்குத் தந்துவிட்டுப் போனார். இரண்டு வருசம் அதை வைத்துக்கொண்டு மாரடித்தேன். அம்மாவைக் கேளுங்கள், கலியாணம் முடித்த புதிதில் அவள் அந்தச் சீடியை ஒளித்து வைத்தவள். இந்த வாவிக்கரையில் அந்தப் பாட்டை வயலினில் வாசித்த வேறு ஆள் இருந்தால் எனக்குத் தெரியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு பொருள் என் கையில் இருந்தது, அதை நான் என்ன செய்தேன் என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வந்தபோது கீபோட் வாசிக்கிற ஒருவர் பாண்ட் ஒன்று தொடங்கினார். ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும், பெயர் எழுதத் தேவையில்லை. ஹோட்டலில் கிழமைக்கு ஒருநாள் கௌபாய் பார்ட்டி. அதற்கு நான் சரியான ஆள் என்று என்னைச் சேர்த்தார். காத்தான்குடிக் கடையில் எல்லோருக்கும் கௌபாய் தொப்பி வாங்கித் தந்தார். பொதுத் தொப்பி, ஆருக்கு எது அளவோ அதைப் போட வேண்டியதுதான். உள்பட்டி முழுக்க மற்றவன் தலையின் எண்ணெயும் வியர்வையும். போட்டால் நெற்றியில் ஒட்டும். கழற்றினால் ஒரு கறுப்புக் கோடு நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்து இளையவள் சின்ன வயதில் "அப்பாக்குத் தலையில மூடி இரிக்கு" என்று சொன்னது எனக்கு ஞாபகம்.

ஆனாலும் முதல் வருசம் நான் அங்கே உண்மையாகத்தான் வாசித்தேன். வெள்ளைக்காரச் சனம் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழும்பி ஆடும். ஒரு வயதான சோடி மூன்று நாள் தொடர்ந்து ஆடினார்கள். அந்த ஒரு வருசம் நல்ல வருசம்.

பிறகு அந்த ஆள் புதுக் கீபோட் வாங்கினார். அதில் பென் டிரைவைக் குத்தினால் பாட்டு முழுக்க வரும். ட்ரம்ஸ், கிற்றார், வயலின், எல்லாம். மனிதன் தேவையில்லை. ஆனால் ஹோட்டல்காரருக்கு மேடையில் நாலு தொப்பி தெரிய வேண்டும்.

"மச்சான், எல்லாம் இதுக்குள்ள இரிக்கு. நீ சும்மா நிண்டு காட்டினாக் காணும். கையும் நோகாது" என்றார்.

நான் சும்மா நிற்கவில்லை. பாட்டோடு சேர்த்து வாசித்தேன். நான் வாசிக்கிற வயலின் கொஞ்சம் பிந்தி வழுக்குகிறது, பென் டிரைவுக்குள் இருக்கிற வயலின் மணிக்கூடு மாதிரிப் போகிறது. இரண்டும் ஒன்றையொன்று மிதித்தன. சனம் முகத்தைச் சுளித்தது. அடுத்த கிழமை அவர் ஒரு சின்னப் போத்தலில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்.

"வில்லில ரெண்டு சொட்டுப் பூசு. சத்தம் வராது. நீ எப்பிடியும் ஆட்டு, எப்பிடியும் குலுக்கு, பிரச்சினயில்ல."

வில்லில் கட்டியிருப்பது குதிரை மயிர். அதில் ஒரு பிசின்கட்டியைத் தேய்ப்போம். அந்தப் பிசின் கம்பியைப் பிடித்தால்தான் சத்தம் வரும். எண்ணெய் பட்டால் பிடி போய்விடும், வழுக்கும், வில் செத்துவிடும். எண்ணெய்க் கை வில்லில் படக்கூடாது என்றுதான் நான் சாப்பிட்டுக் கை கழுவாமல் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. தச்சன் தன் உளியைத் தானே கல்லில் குத்தி மழுக்கிவிட்டு, வேலை செய்கிற மாதிரிக் கையை ஆட்டிக்கொண்டு நின்றால் அவனை நீங்கள் என்ன சொல்வீர்கள்? நான் பூசினேன். அவர் பூசவில்லை, நான்தான் பூசினேன். மேடைக்குப் பின்னால், சமையலறைக் கழிவு வாளிக்குப் பக்கத்தில் நின்று, இறால் தலைகளின் நாற்றத்துக்குள், விரலால் தடவித் தடவிப் பூசினேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டுச் செலவு என்று சொல்லலாம், சொன்னால் நம்புவீர்கள். ஆனால் தச்சு வேலை எனக்கு ஒருநாளும் குறைந்ததில்லை. உண்மை என்னவென்றால், எனக்கு அந்த மேடை பிடித்திருந்தது. பகல் முழுக்க மரத்தூளுக்குள் கிடக்கிறவன் மேல் மேடை வெளிச்சம் விழுந்தால், அவன் எண்ணெய் என்ன, சேற்றையும் பூசுவான். இதை எழுதும்போது என் கையை நானே தட்டிவிட வேண்டும் போல இருக்கிறது.

நாலு வருசம் அப்படி நின்றேன். எண்ணெய் காறல் பிடித்தது. பெட்டியைத் திறந்தால் பழைய பலகாரச் சட்டி மணம் வரும். எண்ணெயில் தூசி ஒட்டி மயிர் கறுத்துக் கயிறு மாதிரித் திரண்டது. ஒருநாள் திறந்தபோது உள்ளே இரண்டு கரப்பான் வில்லை நக்கிக்கொண்டிருந்தன. நான் அவற்றைத் தட்டிவிட்டு, அதே வில்லை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். அங்கே பாட்டு முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரப் பெண் மேடைக்கு வந்து, என் இடது கை விரல்களைப் பிடித்துப் பார்த்து, தன் புருசனைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் தலை குனிந்து நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். அரியண்டம் கையில் இருக்கவில்லை, அதனால் போகவும் இல்லை.

இனித் தன்னாமுனைக் கலியாணம். பெண் எங்கள் ஆட்களின் பிள்ளை. "வயலினோட கப்ரிஞ்ஞா வேணும்" என்று பெண்ணே கேட்டதாம். அந்த ஆள் அதையும் எங்கேயோ தேடிப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தார். உங்கள் இரண்டு பேருக்கும் டியூசன் வகுப்பு இருந்ததால் அம்மா மட்டும் வந்தாள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணும் மாப்பிள்ளையும் சோடிகளும் ஆடத் தொடங்கினால், ஒரு சுற்று முடிந்து பெண் தொடங்கின இடத்துக்கு வந்து சேரும்வரை வயலின் நிற்கக் கூடாது. பாதியில் நின்றால் சரியில்லை என்பார்கள். நான் நம்புகிறேனா இல்லையா என்பது வேறு. அந்த மண்டபத்தில் இருந்த கிழவிகள் எல்லோரும் நம்பினார்கள்.

நான் மூக்கைச் சொறிந்து இரண்டு நிமிடம் இருக்காது, கரண்ட் போனது.

விசிறிகள் நின்றன. வயலின், ட்ரம்ஸ், கிற்றார் எல்லாம் ஒரே அடியாய்ச் செத்தன. சோடிகள் தூக்கின காலோடு நின்றார்கள். பெண் மண்டபத்தின் நடுவில், தன் இடத்துக்குப் பாதி வழியில் நின்றது.

மாப்பிள்ளையின் பெரியப்பா முன்வரிசையில் இருந்தார். "ஏய், வயலின் கையில இரிக்குதானே! வாசிடா மனே! வயலினுக்கென்ன கரண்டா வேணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெண்ணும் பார்த்தது. நான் வில்லைக் கம்பியில் வைத்து இழுத்தேன். நாலு வருசத்துக்குப் பிறகு உண்மையாக, பலமாக இழுத்தேன். 'உஸ்' என்று ஒரு காற்று வந்தது, அவ்வளவுதான். இன்னும் அழுத்தி இழுத்தேன். வில் வழுக்கிக் கட்டையில் போய் இடித்தது.

"என்னடா, உனக்கும் கரண்ட் போயிட்டுதா?" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு எழும்பியது.

பெரியப்பா மேடைக்கு ஏறி வந்தார். வில்லை என் கையில் இருந்து வாங்கினார். மயிரை விரலால் தொட்டார், மணந்தார், விரலைத் தன் வேட்டியில் துடைத்தார்.

"தேங்காண்ணெ" என்றார். பிறகு சனத்தைப் பார்த்து, "இவன் வில்லுக்குத் தேங்காண்ணெ பூசி வெச்சிரிக்கான்கா! தலைக்குப் பூசுறத வில்லுக்குப் பூசியிரிக்கான்!"

எண்ணெய் பூசினால் என்ன என்று அந்த மண்டபத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். அவர்கள் வீட்டிலும் ஆணியில் வயலின் தொங்குகிறது. அதனால் சிரிப்பு நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

அப்போது உங்கள் அம்மா எழும்பினாள். என்னைப் பார்க்கவே இல்லை. கையைத் தட்டி, வாயால் அந்தப் பாட்டைத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். யாரோ கதிரையில் தாளம் போட்டார்கள். சோடிகள் கால் வைத்தார்கள். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடி, தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. நான் தொப்பியோடு மேலே நின்றேன். வில் இல்லாமல் விரலால் கம்பியைத் தட்டியாவது வாசித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நேரம் தோன்றவில்லை. கீபோட்காரர் ஜெனரேட்டருக்கு ஆள் தேடி ஓடித் திரிந்தார். வரும் வழியில் என் காதில், "ஒரு ஸ்பெயார் வில்லு கொண்டு வந்திரிக்கலாமே மச்சான்" என்றார். அதற்குத்தான் நான் தொப்பியைக் கழற்றி அவருடைய கீபோட்டுக்கு மேலே வைத்துவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

வீட்டுக்கு வரும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து அம்மா ஒரு வசனம்தான் சொன்னாள். "நான் அந்தச் சீடிய ஒளிச்சு வெச்சது பிழ. உடைச்சிருக்கோணும்."

இதெல்லாம் நடந்து இரண்டாம் நாள்தான் இளையவள் பட்டறைக்கு வந்து வாசித்துக் காட்டச் சொன்னாள். வீட்டில் இருந்தது அந்த ஒரு வில்தான். வாசித்திருந்தால் உங்களுக்கும் அந்த 'உஸ்' தான் கேட்டிருக்கும்.

அன்று பின்னேரம் வில்லைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவினேன். தண்ணீர் மீன் கழுவின தண்ணீர் மாதிரி மாறியது. காய வைத்தேன், பிசின் பூசினேன், பிடிக்கவில்லை. இன்னும் ஒருதரம் கழுவினேன். மயிர் பஞ்சாய்ப் பொங்கி அறுந்தது. கடைசியில் உளியை எடுத்து மயிர் முழுவதையும் வெட்டி, கொல்லையில் போட்டு எரித்தேன். மயிரும் எண்ணெயும் எரிகிற நாற்றம் அடுத்த வளவுக்கும் போனது. அங்கிருந்து, "ஆரு கோழி பொசுக்கிறது?" என்று கேட்டார்கள். ஓம், கோழிதான் என்று சொன்னேன். பார்த்தீர்களா, அங்கேயும் பொய்.

புது மயிருக்குக் கொழும்பில் ஒரு கடைக்குச் சொல்லி வைத்தேன். இந்த இடம்வரைக்கும் மயிர் வருவதற்கு முதல் எழுதியது. எழுதி, மரப்பட்டியல் எழுதுகிற கொப்பிக்குள் வைத்திருந்தேன்.

முந்தாநாள் மயிர் தபாலில் வந்தது. வில்லின் இரண்டு முனையிலும் சின்னக் குழி இருக்கிறது. மயிரை முடிந்து குழிக்குள் விட்டு, மரத்தில் ஒரு ஆப்புச் செய்து இறுக்க வேண்டும். நகத்தளவு ஆப்பு. நாலு தரம் பிழைத்தது, ஐந்தாம் தரம் பிடித்தது. என் வாழ்நாளில் செய்த தச்சு வேலையில் அதுதான் சின்னது.

நேற்றுப் பின்னேரம் உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். மூத்தவள் வந்து வாசலில் நின்றாள். இளையவள் நேரே வந்து, நான் சொல்லுவதற்கு முதல், வில்லின் மயிரில் விரலை வைத்துத் தேய்த்தாள்.

"தொடாத! கை படக்கூடாது!" என்று கத்தினேன்.

அவள் விரலை மூக்குக்குக் கொண்டுபோய் மணந்தாள். இன்னொரு தரம் மணந்தாள். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா மணந்ததை அவள் பார்த்ததில்லை, ஆனால் அதே மாதிரித்தான்.

"எண்ணெ இல்ல" என்று மூத்தவளிடம் சொன்னாள். எண்ணெய்க் கதை உங்கள் இரண்டு பேருக்கும் முதலே வந்து சேர்ந்திருக்கிறது. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பிறகு அவள் போய்க் கதிரையில் ஏறி மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள்.

வாசித்தேன். டெக்சாஸ்காரரின் சீடியில் இருந்த முதல் பாட்டு. நாலு வருசம் செத்துக் கிடந்த கை, இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தது. மயிரும் புதிது, கம்பியைக் கீறியது. ஆனால் ஓரிடத்தில் பிந்தி வழுக்கி வந்து கால் வைத்தது. அந்த இடத்தில் மூத்தவள் வாசலில் இருந்து ஒரு எட்டு உள்ளே வந்தாள்.

பாட்டு பாதி போகவில்லை, குசினிக்குள் இருந்து அம்மாவின் சத்தம். "ஆருகா மெயின நிப்பாட்டினது? பிரிஜ்ஜுக்குள்ள மீன் கிடக்கு!"

"பொறுங்கம்மா! பாட்டு நிக்கக் கூடாது!" என்று இளையவள் கத்தினாள். கையில் போன் இருந்தது. ஆனால் வீடியோ எடுக்க மறந்துபோய் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் முடியும்வரை வாசித்தேன். பெட்டியில் காறல் மணம் இன்னும் போகவில்லை. அதனால் வயலினை ஆணியில் மாட்டியிருக்கிறேன். எடுக்கிறதென்றால் கையைக் கழுவிவிட்டு எடுங்கள்.